ஒன்பதாம் பந்தி

வாடகை ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பந்தி:
குடியிருப்பவர் முன்முற்றப் புற்றரையை
உரிய முறையில் பராமரித்தல் வேண்டும்.
கையெழுத்து வைத்த அன்று
நான் வாசித்தது நான்காம் பந்தியை மட்டும்,
முற்பணம் பற்றியது.

தெஹிவளை. ரயில் சத்தம் எட்டும் ஒழுங்கை.
இருபத்திரண்டு அடிக்குப் பதினாறு.
உரம் வாங்குவதற்காக ஒருமுறை
தையல் நாடாவால் அளந்தேன்,
யசிந்தா ஜன்னலால் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டுக்காரி ஸ்காபரோவில்.
ஒக்டோபர் பிறந்தால்
விடியமுன்னமே போனுக்குள் வந்து கிடக்கும் அவவின் குரல்:
"தம்பி, இங்க இலையெல்லாம் கொட்டத் தொடங்கீட்டுது.
இப்பதான் புல்லுக்குச் சாப்பாடு குடுக்கவேணும்,
வேர் இறங்கிற காலம்.
பனி மூட முன்னம்
ஒருக்காக் கட்டையாய் வெட்டி விடும்."

எந்தப் பனி, நேசமலர் அக்கா?
இங்கே மூன்று மணிக்கு வானம் கறுக்கும்,
மூன்றரைக்கு இடி,
ஐந்துக்கு வெயில்
ஒன்றுமே நடக்காததுபோல.
புல் மட்டும் ஒரு விரல் உயர்ந்து நிற்கும்.

கட்டையாய் வெட்டினால் தண்ணீர் தேங்குகிறது.
நெடுக விட்டால் நத்தை,
கோழிமுட்டை அளவு.
உப்புப் போத்தலும் டோர்ச்சுமாக
ஏழு இரவு குனிந்து பொறுக்கினேன்,
எட்டாம் இரவு எண்ணுவதை விட்டேன்.
கோரையைப் பிடுங்கினால் கிழங்கு அறுந்து உள்ளே தங்கும்;
அடுத்த கிழமை அதே இடத்தில் இரண்டு.

சுகாதாரப் பரிசோதகர் வந்தார்.
புல்லுக்குள் கிடந்த யோகட் கோப்பையைத்
தடியால் கவிழ்க்காமல், கையால் தூக்கி,
வெளிச்சத்தில் பிடித்தார்.
ஒரு கரண்டி மழை. அதற்குள் நெளிந்தன நான்கு.
எச்சரிக்கைக் கடிதம்
இன்னும் பிரிஜ் கதவில்.

ஞாயிறுகளில் லயனல் வருவார்,
தோளில் நைலோன் நூல் மெஷின்.
ஈரப்புல் நூலைச் சுற்றிக்கொள்ளும்.
தொட்டுப் பார்த்து, வானத்தைப் பார்த்து,
"ஹெட்ட" என்பார்.
அவருடைய நாளை
அடுத்த ஞாயிறுதான் விடியும்.

பக்கத்து வளவு வாதுமை
எங்கள் மதிலுக்கு மேலால் சாய்ந்து
ஒரே கிழமையில் சிவந்து கொட்டியது.
எங்களுக்கு வாய்த்த இலையுதிர்காலம்
ஒற்றை மரம், அதுவும் அடுத்தவருடையது.
ஒவ்வோர் இலையும் ஒரு செருப்பின் அளவு.
ஒருநாள் பொறுக்காமல் விட்டேன்;
மறுநாள் தூக்க, அடியில்
இலையின் அதே உருவில்
வெளிறிக் கிடந்தது புல்.

படம் எடுத்து அனுப்பினேன்,
மொட்டை விழுந்த மூலை தெரியாத கோணத்தில்.
உடனே அழைத்தார். "அட, அங்கயும் இலை சிவக்குதே!"
சிரித்தார், நெடுநேரம்.
பிறகு பேச்சில்லை.
அந்தப் பக்கம் யாரோ சருகு வாரும் சத்தம்,
வறட் வறட்டென்று.

"தம்பி, ஒண்டு சொல்லவேணும்.
வீட்டுக்கு ஆள் வந்திட்டுது.
வாங்குறவை முற்றத்துக்கு இன்டர்லொக் கல்லுப் போடப் போகினம்,
ரெண்டு கார் விட.
நீங்கள் தை மட்டும் இருக்கலாம்."

நான் கேட்டது வேறு கேள்வி:
உரம் வாங்கிவிட்டேனே, இரண்டு கிலோ.

அவ யோசித்தது தெரிந்தது.
"ஈரம் இருக்கேக்க போடும்," என்றார்.
"காலடி படாமப் பின்னுக்கு நடந்து போடும்."

இன்று மத்தியானம்
மக்கில் அள்ளி, கையால் தூவி,
மதிலில் இருந்து வாசல்வரை பின்னோக்கி நடந்தேன்.
மொட்டை மூலைக்கு இரண்டு பிடி கூடுதல்.
மூன்றுக்கு வானம் கறுத்தது.
கொடியில் உடுப்பு.
யசிந்தா ஓடி வந்தாள்.

"புல்லில் மிதிக்காதே!" என்று கத்தினேன்,
தையும் மறந்து, கல்லும் மறந்து.
அவள் ஒற்றைக் காலில் நின்றாள்,
முதல் துளி விழும்வரை.